செந்நெஞ்சுக் குருவிக்குக் காத்திருந்தவர்

எழுபத்தைந்தாம் ஆண்டில், மெல்பேர்னுக்கு வெளியே அந்தப் பனிமலையில் அன்று மூன்று பேர் இருந்தோம்: நான், காருக்குள் தூங்கிய என் மச்சான், காரோட்டி வந்த படப்பிடிப்பாளர். நெடிய மனிதர், மீசையில் பனி. பறவை தெரிந்தால் மூச்சையே அடக்கிவிடுவார்.

செந்நெஞ்சுக் குருவிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தவர், விரல் மரத்துப்போய்த் தேநீர் ஊற்றப் போனார். குளிரில் கமரா பழுதாகிவிடுமோ என்று பயந்து, அதை எடுத்துக் கார் ஹீற்றருக்கு முன்னால் வைத்தேன்.

அப்போதுதான் குருவி வந்தது. அவர் ஓடிவந்து கமராவைப் பறித்தார். குளிர்ந்திருந்த லென்ஸ் கண்ணாடி சூடு பட்டு வியர்த்து மங்கியிருந்தது.

“ஆர் ஐசே உம்மை இதைத் தொடச் சொன்னது?”

“விறைச்சுப் போகுமெண்டு பயந்திட்டன், அண்ணை.”

“அதென்ன, உம்மைப்போலப் பயந்தாங்கொள்ளியோ?”

துடைப்பதற்குள் குருவி போய்விட்டது. திரும்பி வந்து எங்களை வீட்டில் இறக்கிவிட்டார். வாசலில் நான் நீட்டிய பெற்றோல் காசையும் வாங்காமல் போனார். கோபமா, இரக்கமா, இன்றும் தெரியவில்லை. அவருக்கு நான் தரவேண்டியது மூன்று டொலர்.