சித்தியின் கையும் ஆங்கில வினைச்சொற்களும்

என் சித்தி ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அடுக்குகிற இடம். இயந்திரங்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே எல்லோரும் சைகையில்தான் பேசுவார்கள். பல வருடப் பழக்கத்தில் வீட்டிலும் சித்தியின் கை சும்மா இருக்காது. உப்பு வேண்டுமென்றால் முதலில் விரல் கேட்கும், வாய் பிறகுதான் வரும்.

போன மாதம் அங்கே மேற்பார்வையாளர் இடம் காலியானது. சித்திக்கு அந்த வேலையின் மேல் ஒரே ஆசை. ஆனால் புதிதாக வந்திருக்கும் நிர்வாகி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நேர்முகத் தேர்வை ஆங்கிலத்தில்தான் நடத்துவார். பள்ளி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த என்னைச் சித்தி பிடித்துக்கொண்டார்.

"சும்மாதானே இருக்கே? வினைச்சொல்லை மட்டும் சொல்லிக்குடு. மீதியை நான் பாத்துக்கறேன்."

செயலைக் காட்டும் வினைகள் சட்டென்று வந்துவிட்டன. வாஷ், டிரை, ஃபோல்ட் எல்லாவற்றுக்கும் சலவைக்கூடத்துச் சைகை தயாராக இருந்தது. ஃபோல்ட் என்றால் எதை என்ற கேள்வி வரும், ஸ்லீப் என்றால் வராது என்று விளக்கினேன். எதை என்று கேட்கவைக்கும் வகைக்குச் செயப்படுபொருள் குன்றா வினை என்று பெயர் என்றேன்.

"பேரு வெச்சவருக்கு வேற வேலையே இல்ல போல," என்றார் சித்தி.

கேன், வில் போன்ற துணைவினைகளுக்கு வந்தபோது, பெயிண்ட் அடிக்கும் வேலையிலிருந்து திரும்பியிருந்த சித்தப்பா, விரலில் ஒட்டியிருந்ததைச் சுரண்டியபடி குறுக்கிட்டார். "டீச்சரம்மா, அது நம்ம ஜாதகம். தனியா ஒண்ணுமில்ல, பெரிய வினை பக்கத்துல நிக்கணும்."

"நீங்க எங்க நின்னீங்க? வந்ததுலேருந்து உக்காந்துல்ல இருக்கீங்க," என்றார் சித்தி.

சிக்கல் வான்ட், லைக், பிலீவ் என்ற நிலை வினைகளில் வந்தது. அவற்றில் கை செய்வதற்கு ஒன்றுமில்லை. கை அசையாவிட்டால் சித்திக்கு வாயில் சொல் வரவில்லை.

"விரும்புறதுக்கெல்லாம் அங்க யாரு சைகை வெச்சா?" என்று சோர்ந்துபோனார்.

வேறு வழியில்லாமல் நாங்களே உண்டாக்கினோம். வான்ட் என்றால் இரண்டு கையாலும் காற்றை அள்ளி நெஞ்சோடு அணைப்பது. பிலீவ், அதாவது நம்புவது, எப்படி என்று கண்ணை மூடி நடந்து காட்டிய சித்தப்பா துணிக்கூடையில் விழுந்தார். அதனால் பிலீவுக்குக் கண்ணை மூடினால் மட்டும் போதும் என்று முடிவானது.

தேர்வு நாள் காலையில் நிர்வாகி அம்மா வெளியூரிலிருந்து போன் செய்தார். போனிலேயே பேசிவிடலாமாம். சித்தியின் போனில் ஸ்பீக்கர் வேலை செய்யாது. ஒரு கையில் போனைப் பிடித்தால் சைகைக்கு ஒரு கைதான் மிச்சம். சித்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சித்தப்பா பாய்ந்து போனை வாங்கிச் சித்தியின் காதில் வைத்தார். சித்தி நிற்கும் ஆளா? வெறும் காற்றிலேயே இயந்திரத்தை நிறுத்தினார், ஆளைக் கூப்பிட்டார், விரிப்பை மடித்தார். அடுப்பங்கரை முழுக்க அவர் நகர நகர, சித்தப்பா போனோடு பின்னாலேயே ஓடினார். ஒரு தட்டு உருண்டது.

"மை ஹஸ்பண்ட். ஹீ இஸ் ஹெல்பிங்," என்றார் சித்தி போனில்.

பிறகு சித்தி அப்படியே நின்றுவிட்டார். ஏன் இந்த வேலை வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கைகள் தொங்கின. மெதுவாக இரண்டு கையும் உயர்ந்து, காற்றை அள்ளி, நெஞ்சோடு அணைத்தன.

"ஐ வான்ட். ஐ லைக் திஸ் வொர்க்." கண்ணை மூடினார். "ஐ பிலீவ் ஐ கேன்."

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, எங்களுக்குக் கேட்கவில்லை. அழைப்பு முடிந்தது. சித்தியின் கைகள் படபடவென்று பறந்தன. வட்டம் போட்டார், மேலே காட்டினார், தலையில் தட்டிக்கொண்டார். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

"ஏய், வாயைத் திறந்து சொல்லித் தொலை!" என்று கத்தினார் சித்தப்பா.

"கெடச்சிருச்சுய்யா!"