அரை மிதி

விரல்களில் இரும்பு வாசம். சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும், அம்மா அவித்த புட்டையும் சம்பலையும் பிசைந்து சாப்பிட்டாலும் போகாது. இடது கையில் பிடிக்கிற உருண்டைக் கம்பி பெருவிரல் பருமனில் இருக்கும், பனிக்காலத்தில் உள்ளங்கையைக் கடிக்கும். அதைத் தந்திகளின் மேல் வைத்து நகர்த்தினால் ஒரு சுரம் இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போகும். தொண்ணூறுகளின் தொடக்கம்; எனக்குப் பதினேழு வயது; யாழ்ப்பாணம் விட்டு வந்து ஆங்கிலேயர் ஊரில், அப்டன் பார்க்கில் இரண்டு அறை வீடு. அந்தக் குளிர்காலம் முழுக்க என் கையில் அந்த வாசம்தான்.

நூலகத்துக்குப் போகிற வழியில் ஒரு சனிக்கிழமை, தேவாலய மண்டபம் ஒன்றிலிருந்து கேட்ட சத்தம் வயலினா, ஆள் பாடுவதா என்று பிடிபடாமல் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர், ஒவ்வொருவர் முன்னாலும் இஸ்திரி மேசை மாதிரி ஒன்று, அதன் மேல் பத்துத் தந்திகள், கீழே மூன்று பெடல்கள். பெடலை மிதித்தால் உள்ளே கம்பிகள் இழுபட்டுத் தந்தியின் சுரம் ஏறும். பெடல் ஸ்டீல் கிட்டார் என்றார்கள். பௌதிகம் படிக்கிற எனக்கு அந்தக் கம்பிகளைப் பார்த்ததுமே தலை சுற்றியது. அன்றைக்கே பெயரைக் கொடுத்துவிட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கென்று அவர்களிடம் பொதுவாக ஒரு கிட்டார் இருந்தது. வசந்தகால ஒன்றுகூடலில் ஒரு பாட்டைப் பிழையில்லாமல் வாசித்துக் காட்டினால் இன்னொரு வருடம் வைத்திருக்கலாம். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பஸ் ஓட்டுகிற டெரி அதைத் தன் வான் வண்டியில் ஏற்றி வந்து எங்கள் முன்னறையில் கால்களைப் பூட்டி நிறுத்தினார். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்த மொரீன், டெரி சுருதி சேர்த்ததெல்லாம் பிழையென்று மறுகிழமை வந்து முதலிலிருந்து சேர்த்தார். டெரி அடுத்த கிழமை அதைத் திருத்தினார். இரண்டு பேருக்கும் என் மேல் அவ்வளவு அன்பு.

முதல் நாள் அம்மாவுக்கும் சந்தோசம்தான். "வீணைக்குச் சொந்தம் போல கிடக்கு" என்று சொல்லி அதன் நெற்றி போன்ற இடத்தில் ஒரு சந்தனப்பொட்டு வைத்தார். பிறகுதான் என் காலைக் கண்டார்.

"எடி, சரஸ்வதியைக் காலாலை உழக்கிறியோ?"

"உழக்கினாத்தான் அம்மா சத்தம் மாறும்."

"மாறத் தேவையில்லை. இருக்கிற சத்தமே காணும்."

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அப்போது அண்ணை சண்டை நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்தில் இருந்தார், ஐந்து மாதமாக அவரிடமிருந்து கடிதம் இல்லை. தொலைபேசி என்று ஒன்று அங்கே கிடையாது. அப்பா பெற்றோல் ஷெட்டில் ஷிப்டுக்கு நின்றபடி, ஊரிலிருந்து புதிதாக வந்திறங்கிய எவரைக் கண்டாலும் அண்ணையின் பெயரைச் சொல்லி விசாரிப்பார். அம்மா கதவடியில் கடிதம் விழுகிற சத்தத்துக்காகவே காலையில் எழும்புவார். ஒரு நாள் என் பக்கத்தில் வந்து இருந்து, கோபமே இல்லாமல் சொன்னார்: "அண்ணையின்ர கடிதம் வரட்டும், பிள்ளை. அதுக்குப் பிறகு நீ என்னெண்டாலும் செய். இப்ப கால் வைக்காதை."

காரண காரியம் தெரிந்த பிள்ளை நான். ஒரு தந்தியின் இழுவிசைக்கும் கடலுக்கு அப்பால் ஒரு தபாலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டிருக்கலாம். ஆனால் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கை எனக்கும் இருந்தது. பெடலில் கால் வைக்கும்போதெல்லாம் அந்தக் கை தானாக எழும்பும். எழும்பினால் கம்பி தவறும். ஒருவேளை அம்மா சொல்வது சரியாக இருந்தால்? அந்த 'ஒருவேளை'க்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் விடை இல்லை.

வீட்டில் கைகளால் மட்டும் வாசித்தேன். பெடலை மண்டபத்தில்தான் மிதித்தேன், அதுவும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு. அந்தப் பெடலுக்கு ஒரு குணம் உண்டு: அடிவரை மிதித்தால்தான் சுரம் தன் இடத்துக்குப் போய்ச் சேரும், பாதியில் நிறுத்தினால் நடுவழியில் நின்று புலம்பும். என் கால் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது.

"அதுக்குக் கீழே பூனை ஏதும் படுத்திருக்கிறதா?" என்று டெரி குனிந்து பார்த்தார்.

மொரீன் தரையில் முழந்தாளிட்டு, என் பாதத்தின் மேல் தன் கையை வைத்து முழுக்க அழுத்தினார். சுரம் போய்ச் சேர்ந்தது. கையை எடுத்ததும் கால் மேலே வந்துவிட்டது. ஏன் என்று கேட்டார். "என் அண்ணாவுக்காக" என்று மட்டும்தான் எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வந்தது.

"உன் அண்ணாவுக்கு இந்த இசை பிடிக்காதா?" என்றார் பாவம்.

ஒன்றுகூடல் நாளும் வந்தது. காலையில் கதவடியில் விழுந்தது பீட்சாக் கடை விளம்பரம். அம்மா அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் "போயிட்டு வா" என்றார்.

நாற்பது பேர் இருந்தார்கள். இரண்டு வரி நன்றாகத்தான் போனது. மூன்றாவது வரியில் நடுப் பெடலை முழுக்க மிதிக்க வேண்டும். மிதி, மிதி என்று தலை சொன்னது. கால் பாதிக்கு மேல் இறங்க மறுத்தது. வர வேண்டிய சுரத்துக்காக மண்டபமே காத்திருந்தது, அது வரவில்லை. அதற்கு மேல் கை ஓடவில்லை. கை தட்டினார்கள், அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது. டெரி கிட்டாரின் கால்களைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, பட்டியலில் அடுத்திருந்தவரின் காரில் ஏற்றினார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றார். "மிதிச்சனியோ?"

"முழுக்க மிதிக்கேல்லை, அம்மா."

"முழுக்க மிதிக்கேல்லையெண்டால்?"

பாட்டுக்கும் அரை, அம்மாவுக்கும் அரை.

ஆவணியில், கொழும்பு வழியாக வந்த ஒருவரின் கையில் கடிதம் வந்தது. அண்ணை சுகம். திகதியைப் பார்த்தால், நான் அந்தக் கிட்டாரைக் கண்ணால் காண்பதற்கு முன்பே எழுதிய கடிதம். அம்மா திகதியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு முன்னறையில் வெறுமையாகக் கிடந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சமைக்கப் போனார். நான் பல்கலைக்கழகம் போனேன். பட்டியலில் மறுபடியும் பெயர் எழுதவில்லை.

அந்த மண்டபம் இப்போது உடற்பயிற்சி நிலையம். டெரியும் மொரீனும் எங்கே போனார்கள் என்று தெரியாது. அம்மா காலமாகி நான்கு வருடமாகிறது. அண்ணை இப்போது இங்கேயே, சட்டனில் இருக்கிறார், தலை நரைத்துவிட்டது. போன கோடையில்தான் இந்தக் கதையை முதல் தடவையாக அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அடி விசரி, அந்த நாளையில எங்களுக்குக் கறன்ட் எங்க இருந்தது? சைக்கிளை ஸ்டாண்டில விட்டு, டைனமோவில வயரைக் குடுத்து, உழக்கி உழக்கித்தான் நான் றேடியோவில பாட்டுக் கேட்டனான். காலை எடுத்தா பாட்டு நிண்டிடும்."

அங்கே அவர் பாட்டுக்காக மிதித்துக்கொண்டிருந்த மாதங்களில்தான் இங்கே நான் அவருக்காக மிதிக்காமல் இருந்திருக்கிறேன். நானும் சிரித்தேன், பாதியில் நின்றுவிட்டது. இதை அம்மாவிடம் சொல்ல முடியவில்லையே என்றிருந்தது. சொல்லியிருந்தாலும் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது தெரியும்: "சைக்கிள் வேற, வீணை வேற, பிள்ளை."