ஐஸ் கம்பெனி மேடையில் எங்கள் அக்கா

எங்கள் அக்கா போய் ஓராண்டு ஆகிறது. திதிக்கு வரும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் கொடுக்க இந்த மலரைப் போடுகிறோம். அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். ஈப்போவில் சிலிபினில் இருக்கிறேன். மீன் லாரி ஓட்டுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அக்கா ஆறாம் வகுப்போடு நின்று அம்மாவோடு ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போனார். என்னைப் படிக்க வைக்கப் பார்த்தார். நான் படிக்கவில்லை. அது அவர் குற்றமில்லை.

தோட்டத் திருவிழாவில் நாடகம் உண்டு. ஆண்கள்தான் நடிப்பார்கள். பெண் வேடமும் அவர்களே. ஒரு வருடம் கங்காணி வேடக்காரருக்குக் காய்ச்சல். அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. மீசையை ஒட்டிக்கொண்டு மேடை ஏறிவிட்டார். உண்மைக் கங்காணி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரைப் போலவே இடுப்பில் கை வைத்து, ஆள் வருவதற்கு முன்னால் வரும் அந்த இருமலை இருமினார். தோட்டமே சிரித்தது. கங்காணி சிரிக்கவில்லை. மறுநாள் அக்காவுக்குப் பால் வெட்ட மலைமேட்டு மர நிரையைக் கொடுத்தார்.

"ஒரு மாசம் மேடு ஏறுனேன். கால் போச்சு. ஆனா அந்த ஒரு இருமலுக்கு அது தகும்லா" என்று பிற்பாடு சொல்வார்.

கல்யாணம் ஆகிக் கடலோரத்துக்குப் போனார். பந்தாய் ரெமிஸ் பக்கம் சின்ன ஊர். அத்தானுக்குப் படகு பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. அக்கா கொட்டகையில் நெத்திலி பிரித்தார். மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அத்தான் தவறிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா காலையில் நெத்திலி, மாலையில் வீடு வீடாகத் துணி தேய்ப்பு என்று அந்தப் பிள்ளையை ஆளாக்கினார். மகள் இன்று தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் நல்ல வேலையில் இருக்கிறது. அக்கா அழுது நான் பார்த்ததில்லை. கேட்டால், "நெத்திலிக்காரிக்கு எப்பவுமே கண்ணு எரியும்டா, நீ என்னத்தக் கண்டுபிடிப்ப" என்பார்.

தோட்டங்கள் விற்கப்பட்டதும் பல குடும்பங்கள் வேலை தேடி அந்த ஊருக்கு வந்தன. நாற்பது வீடு இருக்கும். கோயில் சின்னது. மேடை கிடையாது. அக்கா எட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கும்மி, பாட்டு, நாடகம் என்று பழகினார். வீட்டு வாசலில் நடித்துப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டார் சமாதானம் பேச வந்துவிட்டார்கள்.

"மேடை இல்லாம நாடகம் போட்டா சண்டன்னு நெனைக்கிறாங்கடா தம்பி. எனக்கு ஒரு மேடை வேணும்" என்றார்.

கோயில் தலைவரிடம் போனார். கூடாரம், நாற்காலி கோயிலுடையது. அவர் யோசித்தார். "ஒரு தடவ தாரேன். ஒழுங்கா நடக்கலன்னா அப்புறம் கேக்கக் கூடாது. நாள் மட்டும் பௌர்ணமியா வச்சுக்க. தோட்டத்துல எப்பவும் பௌர்ணமிதான்."

அக்கா தலையாட்டிவிட்டு வந்தார். நாற்பது வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் சோறு சமைக்க ஒப்புக்கொண்டார். நான் லாரியில் பலகை ஏற்றிக்கொண்டு போனேன். படகுத்துறைக்குப் பக்கத்துத் திடலில் மேடை கட்டினோம். பௌர்ணமி நல்ல நாள் என்று எங்களுக்குத் தெரியும். பௌர்ணமிக்குக் கடல் என்ன செய்யும் என்று தோட்டத்து ஆட்களில் ஒருவருக்கும், கொட்டகையும் வீடுமாக இருந்த அக்காவுக்கும்கூட, தெரியாது.

மதியம் பாக் டின் வந்தார். அவர் மலாய் மீனவர், அக்கா வீட்டுக்கு எதிர் வீடு. அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"இன்னைக்குப் பெரிய தண்ணி வரும். இந்தத் திடல் முழுகிடும்."

கோயில் தலைவர் கேட்கவில்லை. "முப்பது வருஷமா பௌர்ணமிக்குத்தான் விழா எடுக்கிறோம், பாக். ஒன்னும் ஆனதில்ல."

"ஒங்க தோட்டத்துல கடல் இருந்திச்சா?" என்றார் பாக் டின்.

நாலு மணிக்குமேல் தண்ணீர் வந்தது. சத்தமில்லாமல் வந்தது. முதலில் செருப்புகள் போயின. பிறகு நாற்காலிகள் மிதந்தன. சனம் கைலியையும் சேலையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. அக்கா மீசை ஒட்டி, கங்காணித் தொப்பி போட்டு, முழங்கால் தண்ணீரில் நின்றார். கோயில் தலைவர் என் பக்கத்தில், "முடிஞ்சுது. இதான் கடைசி" என்றார். அக்கா காதில் அது விழுந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அத்தான் போன அன்றுகூட அப்படி இல்லை.

படகுத்துறையில் ஒரு ஐஸ் கம்பெனி உண்டு. அதன் முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, ஒரு சீனர். வேடிக்கை பார்க்க வந்து நின்றிருந்தார். முதலில் நன்றாகச் சிரித்தார். பிறகு அக்கா முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"ஏய், எல்லாம் தூக்கு! இங்க ஏறு!" என்று கத்தினார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

ஐஸ் ஏற்றும் தளம் இடுப்பு உயரம். மேலே கூரை உண்டு. அன்று அது காலியாகக் கிடந்தது. காரணம் பௌர்ணமிதான். நிலா வெளிச்சத்தில் மீன் விளக்குக்கு வராது. படகு போகாது. ஐஸ் வாங்க ஆள் இல்லை. படகுக்காரர்கள் எல்லாம் வீட்டில் இருந்தார்கள். பாக் டின் ஒரு குரல் கொடுத்தார். இருபது பேர் வந்தார்கள். வரிசையாக நின்று நாற்காலிகளைக் கை மாற்றினார்கள். பாய் கடைச் சோற்றுப் பானை பாக் டின்னின் சின்னப் படகில் ஏறி வந்தது. பானைக்குப் பக்கத்தில் பாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய், எறங்கி நடங்க, தண்ணி முழங்கால்தான்" என்றேன்.

"எனக்கு நீச்சல் தெரியாது மச்சான்" என்றார்.

தளம் வழுக்கியது. சாக்கு விரித்தோம். அக்கா ஏறினார். இடுப்பில் கை வைத்து இருமினார். நாற்பது வீடும் சிரித்தது. தமிழ் தெரியாத படகுக்காரர்களும் சிரித்தார்கள். அவர்கள் படகிலும் அப்படி இருமும் ஆள் ஒருவர் இருந்திருப்பார் போல. இருட்டுவதற்குள் முடிந்தது.

கோயில் தலைவர் அக்காவிடம், "எடம்தான் தப்பு, நாள் தப்பில்ல பாரு" என்றார். அக்கா சரி என்றார். தலைவரிடம் தோற்றால் நாற்காலி கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து வருடம் ஒரு முறை, பௌர்ணமி அன்று, ஐஸ் கம்பெனித் தளத்தில் நிகழ்ச்சி. பாக் டின் தண்ணீர் பார்த்து எந்த மாதம், எத்தனை மணி என்று சொல்வார். தவுக்கே தளம் தருவார். பாய் சோறு போடுவார். கோயில் நாற்காலி தரும். பிறகு பக்கத்து மலாய்க் கிராமத்து இளைஞர்கள் கொம்பாங் மேளம் அடித்தார்கள். தவுக்கே தன் சங்கத்துச் சிங்க ஆட்டத்தைக் கொண்டுவந்தார். கும்மியும் அதுவும் ஒரே தளத்தில் நடந்தன.

பாக் டின், தவுக்கே, பாய், கோயில் தலைவர் என்று ஒவ்வொருவரையும் அக்கா தனியாகப் போய்ப் பார்ப்பார். இரண்டு மணி நேரம் உட்காருவார். ஒவ்வொருவரிடமும், "நீங்கதான் இதுக்கு மொத ஆளு, நீங்க இல்லன்னா ஒன்னும் இல்ல" என்று சொல்வார். இது நாலாவது வருடம் வெளியே வந்தது. மேடையில் அக்கா மாலையைப் பிடித்துக்கொண்டு, "இந்த நிகழ்ச்சிக்கு மொத ஆளு யாருன்னு ஒங்களுக்கே தெரியும், வாங்க" என்றார். நாலு பேரும் எழுந்தார்கள். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்கா நேராகப் போய் மாலையை ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் கழுத்தில் போட்டார். கூட்டம் கைதட்டியது. தவுக்கே மட்டும், "மெஷின் என்னோடதுதான்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

மூன்று வருடங்களுக்கு முன் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று நாள் ஈப்போவில் இரத்தச் சுத்திகரிப்பு. என் வீட்டில் இருந்தார். கையில் ஊசி ஏறும், மறு கையில் போன் இருக்கும். தாதிகளுக்கு மேடைப் பாட்டு இரண்டு தெரியும், அக்கா சொல்லிக் கொடுத்தது. உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னார். "நான் நெத்திலி பிரிச்ச ஆளு டாக்டர், எங்கிட்ட போயி" என்றார். கடைசி நிகழ்ச்சிக்கு லாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நாற்காலியில் இருந்தபடி இருமினார். அது நடிப்பா, நோயா என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டம் சிரித்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை, தேநீர் கேட்டார். நான் கொண்டு வருவதற்குள் போய்விட்டார். வலி இல்லை.

அதற்கு முந்திய நாள் ஒன்று சொன்னார். "தம்பி, அவங்க நாலு பேரும் எங்கிட்டதான் பேசுவாங்க. அவங்களுக்குள்ள பேசுனதே இல்ல. நான் போனா இது நின்னுடும்டா. நீ போயி கேளு."

சரி என்றேன். ஆனால் நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவன். பல மாதம் தள்ளிப் போட்டேன். மகள் போன் போட்டு, "மாமா, இன்னும் போகலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு திங்கட்கிழமை போனேன். சிலிபினிலிருந்து கடற்கரை வரை, சொல்ல வேண்டியதை லாரிக்குள் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முதலில் பாய் கடை. அங்கே தொடங்கி ஒவ்வொரு இடமாகப் போகலாம் என்று நினைத்தேன்.

கடைக்குள் நுழைந்தேன். ஒரே மேசையில் நாலு பேரும் இருந்தார்கள். பாக் டின் நாட்காட்டியை விரித்து வைத்திருந்தார். கோயில் தலைவரும் தவுக்கேயும் எத்தனை நாற்காலி என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.

"வாங்க மச்சான், ஒங்களத்தான் தேடுறோம்" என்றார் பாய். "லாரி ஃப்ரீயா இருக்கா?"

"இருக்கு" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். மறுபடி நாற்காலிச் சண்டை தொடங்கியது. எனக்குத் தேநீர் வந்தது.

சென்ற மாதம் நிகழ்ச்சி நடந்தது. நன்றாக இருந்தது. அக்கா இருந்திருந்தால் இன்னும் நீளமாக இருந்திருக்கும்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதிகளுக்கும், கருமாதிக்குச் சமைத்த சிலிபின் அண்டை வீட்டாருக்கும், லீவு போட்டு வந்து நின்ற உறவுகளுக்கும், அக்காவோடு ஆடிய எட்டுப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மேசையில் இருந்த அந்த நால்வருக்கும்தான். அன்று வழியெல்லாம் நான் சொல்லிப் பார்த்தது ஒரே ஒரு வரி: "எங்க அக்காவ விட்டுடாதீங்க." அதைச் சொல்லும் வேலையை நீங்கள் நாலு பேரும் எனக்கு வைக்கவில்லை. அதற்கு நன்றி.

தம்பி