தெரெமோவானாவிடம் கேட்டு எடுத்த புத்தகம்

ஞாயிறு ஆராதனை நேரத்தில் மழை வந்தால், மாரா கடைசி பெஞ்சிலிருந்து சத்தமில்லாமல் எழுந்து போவார். வெளியே நிற்கும் மோட்டார் சைக்கிள்களின் இருக்கைகள்மேல் காலி அரிசிச் சாக்குகளைப் போர்த்திவிட்டு, அடுத்த பாட்டுக்குள் திரும்பிவிடுவார். பசிபிக் கடலின் சின்ன மங்காயா தீவில் அது யார் வேலை என்று பல வருஷம் யாருக்கும் தெரியாது. நர்ஸ் நூரோவா ஒருமுறை கைக்குழந்தை ஒன்றின் அழுகைக்காக வெளியே வந்தபோது பார்த்துவிட்டாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மாரா துறையில் சரக்கு இறக்குகிறவர். மிச்ச நேரத்தில் வண்டி பழுது பார்ப்பார்.

அந்த வருஷம் சரக்குக் கப்பல் மூன்று வாரம் தாமதம். பெட்ரோல் இல்லாமல் லாரிகள் எல்லாம் நின்றுவிட்டன. இவிரூவா ஊரில் நாபு என்ற முதியவருக்குச் சர்க்கரைப் புண். தினமும் கட்டு மாற்றாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும். மிச்சமிருந்த கொஞ்சம் பெட்ரோலில் ஓடக்கூடியது நூரோவாவின் பழைய மோட்டார் சைக்கிள்தான். ஊரைவிட்டுப் போன வாத்தியார் ஒருவரிடம், பழுதுபார்க்கும் புத்தகத்தோடு சேர்த்து வாங்கியது.

அது இவிரூவா போகும் செம்மண் ஏற்றத்தில் பாதி வழியில் மூச்சடைத்து நின்றுவிடும். ஆறினால் மறுபடி கிளம்பும். இரண்டு நாள் நூரோவா மருந்துப் பையோடு நடந்தே போய்வந்தாள். இரண்டாம் நாள் போய்ச் சேர இருட்டிவிட்டது. கட்டை அவிழ்த்தபோது வந்த வாடை அவளைப் பயமுறுத்தியது.

மாரா புத்தகத்தில் போட்டிருந்தபடியே எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் டேப்பட்டின் இடைவெளியை மூன்று தடவை வைத்துப் பார்த்தார். மூன்று தடவையும் அதே ஏற்றம், அதே மூச்சடைப்பு. நாலாவது தடவை அவர் ஸ்பானரைத் தொடவில்லை. எலுமிச்சையைப் பாதியாக வெட்டி, எஞ்சினின் அடிவயிற்றில் படிந்த மண்ணைத் தேய்த்தார். எண் தெரிந்தது. வண்டிச் சட்டத்தின் கழுத்திலிருந்த எண்ணையும் பார்த்தார். இரண்டும் ஒரே வண்டியின் எண்கள் அல்ல.

“தங்கச்சி, உன் வண்டிக்கு எலும்பு ஒருத்தரோடது, நெஞ்சு இன்னொருத்தரோடது. நாம எலும்புக்கு எழுதின மருந்தை நெஞ்சுக்குக் கொடுத்துக்கிட்டு இருக்கோம்.”

வாத்தியார் ஏமாற்றவில்லை. இங்கே செத்த வண்டியின் எஞ்சினை எடுத்து இன்னொன்றில் பூட்டுவது, சட்டைக்குப் பொத்தான் மாற்றுவது மாதிரி. அதைப்போய் யார் சொல்லுவார்?

“யாரோட நெஞ்சுண்ணே?”

“தெரெமோவானாவோடது. அவர் வண்டி வந்தப்ப படகிலிருந்து தோளில் இறக்கினவன் நான். இந்த எண் எனக்குத் தெரியும்.”

தெரெமோவானா இறந்து ஆறு வருஷம். தீவு வழக்கப்படி வீட்டு முற்றத்திலேயே, தகரக் கூரை போட்ட கல்லறையில் இருக்கிறார். அவர் மனைவி தாரோமி விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கல்லறைப் பக்கம் கையைக் காட்டினாள். தலைமாட்டில் ஒரு பிஸ்கட் டின். அதில் அவருடைய கண்ணாடி, தொப்பி, அந்த எஞ்சினின் புத்தகம்.

“இருந்தப்பவே அதை என்னைத் தொடவிட மாட்டாரு. நீங்களே கேட்டுக்குங்க,” என்றாள்.

மாரா செருப்பைக் கழற்றினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி கேட்பதுபோல, ஆனால் தலை குனிந்து, நாபுவின் காலைப் பற்றிச் சொன்னார். நூரோவாவும் கண்ணை மூடி ஜெபித்தாள். காற்று தகரத்தை மெல்ல அசைத்தது. அதன்பிறகுதான் அவர் டின்னைத் திறந்தார்.

இடைவெளி அந்தப் புத்தகத்தில் கூடுதலாக இருந்தது. மாரா அங்கேயே உட்கார்ந்து மூன்று முறை படித்தார். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. துடைத்து, டின்னில் வைத்து, மூடினார். வந்து அந்த அளவுக்கே டேப்பட்டை வைத்தார்.

அன்று சாயங்காலம் நூரோவா ஏற்றத்தின் பாதிக்கு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வண்டிக்கு மூச்சடைக்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. உச்சியில், கீழே கடல் முழுதும் தெரிந்த இடத்தில், அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மண்ணுக்குள் உறங்குகிற ஒரு மனிதரின் எஞ்சின் தன்னை ஒரு நோயாளியிடம் கொண்டுபோகிறது. ஆண்டவரே, நீர் எதைத்தான் வீணாக விட்டீர் என்று நினைத்தாள். ஏழு வாரத்தில் புண் ஆறியது. கால் பிழைத்தது.

நாலு வருஷம் கழித்து மாரா இருதய வைத்தியத்துக்கு நியூசிலாந்து போனார். திரும்பவில்லை. கிளம்பிய அன்று விமானத் திடலில் கழுத்து நிறைய மாலையோடு நின்றவரிடம், டேப்பட் அளவை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள் நூரோவா.

அவர் தாளை வாங்கவில்லை.

“எழுதிக் கொடுத்தா அப்புறம் நீ அங்க போக மாட்ட. செருப்பைக் கழட்டிட்டுப் போயி அவர்கிட்டயே கேளு, தங்கச்சி. கொடுப்பாரு.”