சிவப்பு நூல் இருந்த இடம்

சலவைக்காரி கெசியா தன் ஆயுளில் திருடியது ஒரே ஒரு உள்ளங்கி. உண்மையைச் சொன்னால் அதையும் அவள் திருடவில்லை. பயந்தாள், அவ்வளவுதான். ஆனால் இங்கிலாந்தின் ஜார்ஜ் ராஜா அமெரிக்காவையும் ஆண்ட காலத்தில், பாஸ்டனுக்கு வடக்கே இருந்த அந்தத் துறைமுகத்தில், ஏழைக்குப் பயமும் திருட்டும் பக்கத்துப் பக்கத்து வீடு.

கயிறு திரிக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அதில் கெசியாவும் அவள் அக்கா தபீத்தாவும். சிறுவயதுக் காய்ச்சலில் தபீத்தாவுக்குக் கால் இரண்டும் போய்விட்டன. நாற்காலியில் உட்கார்ந்தபடி காலுறை பின்னுவாள். கால் போகாத இடமெல்லாம் அவள் நாக்கு போய்வரும்.

அந்தக் கோடையில் ஊரில் யாருக்கோ கை நீண்டிருந்தது. ஒரு வீட்டில் ஈயக் கரண்டி, இன்னொரு வீட்டில் ஜன்னலில் வைத்த பாலாடைக்கட்டி, வாசலில் கழற்றிவிட்ட பழைய செருப்பு என்று கண்ட பொருளெல்லாம் காணாமல் போயின. சட்டம் எளிமையானது. திருடியவன் பொருளின் மதிப்பைப் போல மூன்று மடங்கு கட்ட வேண்டும். கட்ட வக்கில்லாதவனைக் கம்பத்தில் கட்டிச் சவுக்கால் அடித்து, பறிகொடுத்தவர் வீட்டுக்கே வருஷக் கணக்கில் வேலைக்கு விற்றுவிடுவார்கள். ஒரு கெண்டியை எடுத்த அயர்லாந்துக்காரி ஒருத்திக்கு ஜூலையில் அதுதான் நடந்தது. கெசியா பார்த்தாள். அடியைவிட, அடி முடிந்ததும் கெண்டியைப் பறிகொடுத்தவள் அவள் முழங்கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போனதுதான் கெசியாவின் கண்ணைவிட்டுப் போகவில்லை. தன்னை இப்படி விற்றுவிட்டால் அக்கா என்ன ஆவாள்? நாதியற்றவர்களை ஊர்க் கூட்டத்தில் ஏலம் விடுவார்கள். யார் குறைந்த செலவில் வைத்துக்கொள்கிறேன் என்கிறாரோ அவர் வீட்டுக்கு அனுப்புவார்கள். செலவைக் குறைக்கிறவர் கஞ்சியையும் குறைப்பார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆகஸ்டில் ஒரு நாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பொதுப் புல்வெளியின் வேலிச் செடிமேல் கெசியா பலவீட்டுத் துணிகளை விரித்திருந்தாள். பக்கத்திலேயே கயிற்று வியாபாரி டோன் வீட்டு வேலைக்காரப் பெண்ணும் விரித்திருந்தாள். இருவரும் கைக்கு வந்ததை வாரிக்கொண்டு ஓடினார்கள். வீட்டில் மடிக்கும்போதுதான் கெசியா அதைக் கண்டாள். மெல்லிய லினன் உள்ளங்கி, கழுத்தில் லேஸ் பின்னல். ஓரத்தில் எல்லா வீட்டிலும் தைப்பது போலச் சிவப்பு நூலில் சொந்தக்காரியின் இரண்டெழுத்து. ஜெருஷா டோன், கயிற்று வியாபாரியின் மனைவி.

"அதுக்கென்ன இப்போ? கொண்டுபோய்க் குடு. மழையில கலந்துடுச்சுன்னு சொல்லு" என்றாள் தபீத்தா.

"யாரு நம்புவாக்கா? ஊரே திருடியைத் தேடிக்கிட்டிருக்கு. நானே போய் 'இந்தா இருக்கேன்'னு நிக்கணுமா?"

"இன்னைக்கு நம்புவாங்க. நாளைக்குப் போனா நம்ப மாட்டாங்க. கிளம்புடி."

கிளம்பத்தான் செய்தாள். டோன் வீட்டு வாசலில் கான்ஸ்டபிள் ஏமோஸ் நின்று வீட்டுக்காரரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். காணாமல் போன கோழியைப் பற்றியாக இருக்கலாம், வானிலையாகவும் இருக்கலாம். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கெசியா கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டாள். மறுநாள் போவது இன்னும் கஷ்டமாக இருந்தது. அதற்கு மறுநாள் கால் வாசலையே தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போதகர் பைபிளிலிருந்து ஆகானின் கதையை எடுத்தார். எரிகோ நகரத்தில் யாரும் தொடக்கூடாது என்ற கொள்ளையில் ஒரு நல்ல சால்வையை எடுத்துக் கூடாரத்துக்குள் புதைத்து வைத்தவன். கண்டுபிடித்துக் கல்லெறிந்து கொன்றார்கள். போதகர் வருஷா வருஷம் சொல்லும் கதைதான், ஆனால் அன்று அவர் தன் பெஞ்சைப் பார்த்தே பேசினார் என்று கெசியா சத்தியம் செய்வாள். கிட்டப்பார்வைக்காரரான அவருக்கு முதல் வரிசையே சரியாகத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஊசியை எடுத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த இரண்டெழுத்தையும் இழை இழையாகப் பிரித்தாள். எழுத்து இல்லாவிட்டால் துணி யாருடையது என்று யார் சொல்ல முடியும்? வாழ்நாள் முழுவதும் துணி வெளுத்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது அந்த நேரம் புத்தியில் ஏறவில்லை. நூல் போயிற்று, நூல் இருந்த இடம் போகவில்லை. ஊசித் துளைகள் வரிசையாக நின்றன, சாயம் இறங்கிய இடம் வெளிறிய ரோஜா நிறத்தில் தெரிந்தது. சாம்பல் காரத்தைப் போட்டுத் தேய்த்தாள். துணி இற்றதே தவிர எழுத்து மறையவில்லை.

தபீத்தா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "எலிக்குப் பயந்து வீட்டையே கொளுத்திட்டியேடி! இதுவரைக்கும் இது மாறி வந்த துணி. இப்பதான் திருட்டுத் துணி."

மறுநாள் காலை ஜெருஷா டோனே வந்தாள், சிரித்துக்கொண்டே. கையில் கெசியாவின் முரட்டு ஏப்ரன்.

"இந்தா, உன்னோடது எங்க கூடையில கிடந்தது. என்னோட உள்ளங்கி ஒண்ணு உங்கிட்ட வந்திருக்கணுமே? எங்க வீட்டுப் பொண்ணுக்கு மழை வந்தா கண்ணும் தெரியாது, கையும் தெரியாது. நானே முன்னாடி வந்திருக்கணும், வேலை விடலை."

அவ்வளவுதான் விஷயம். ஒரு வாரமாகக் கெசியா செத்துச் செத்துப் பிழைத்தது இந்த நாலு வார்த்தைக்காக. ஆனால் அவள் வாய் முந்திக்கொண்டது. "இல்லைங்கம்மா, இங்க வரலை."

கெசியா தபீத்தாவுக்கு அடியில் நாற்காலியில் ஒளித்து வைத்த துணியின் லேஸ் எட்டிப் பார்த்தது. ஜெருஷாவின் கண்ணும் அங்கே போயிற்று.

"இங்கதான் இருக்குங்கம்மா" என்றாள் தபீத்தா. "நான்தான் நாற்காலி குத்துதுன்னு அடியில போட்டுக்கிட்டேன். அவளுக்குத் தெரியாது."

ஜெருஷா துணியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஓரத்தைத் தேடி எடுத்தாள். விரலால் ஒருமுறை தடவினாள். ஜெருஷாவின் சிரிப்பு போய், சற்றுப் பொறுத்து வேறொரு சிரிப்பு வந்தது. எழுத்து இருந்த மூலை உள்ளே போகும்படி மடித்தாள்.

"நல்லா வெளுத்திருக்கே, கெசியா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். கடைசியில் அந்த பூட்ஸ் வாசலிலேயே வந்து நின்றது. ஏமோஸ்தான். கெசியா ஏப்ரனைக் கழற்றி அக்கா மடியில் போட்டாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மணிக்கட்டையும் நீட்டினாள்.

"என்ன கையை நீட்டிக்கிட்டு நிக்கிற? நான் என்ன தர்மம் பண்ணவா வந்தேன்?" என்றார் ஏமோஸ். "டோன் வீட்டம்மா உன்னை வரச் சொன்னாங்க. அந்த வேலைக்காரப் பொண்ணை வேலையை விட்டு அனுப்பிட்டாங்களாம். சலவை மலையாட்டம் கிடக்காம்."

ஜெருஷாவின் பின்கட்டில் துணி குவிந்து கிடந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த உள்ளங்கி. பழைய துளைகளிலேயே, புதுச் சிவப்பு நூலில், அதே இரண்டெழுத்து. அதைச் சுற்றிக் காரம் தின்ற தடம் அப்படியே இருந்தது.

"மத்தது எப்படி வேணா போகட்டும்" என்றாள் ஜெருஷா. "இதை மட்டும் பார்த்து வெளு. எழுத்து போயிடக் கூடாது."

சாயங்காலம் வேலை முடிந்து கெசியா கூலிக்காகச் சமையலறை வாசலில் நின்றாள்.

"ஏன் நிக்கிற? ஏதாவது பேசணுமா?"

ஜெருஷா கோபப்படவில்லை. அன்பாகத்தான் கேட்டாள்.

"ஒண்ணுமில்லைங்கம்மா" என்றாள் கெசியா. வெறுங்கையோடு வீடு திரும்பினாள்.

அடுத்த திங்கட்கிழமையும் போனாள். அதற்கடுத்ததும் போனாள். சலவையோடு அடுப்புச் சாம்பல் அள்ளுவது, மெழுகுவத்தி ஊற்றுவது, பன்றியறுப்புக்கு ஒத்தாசை என்று வேலை வளர்ந்தது. ஊரார் ஜெருஷாவை மெச்சினார்கள், ஏழைப் பெண்ணுக்கு வேலை கொடுத்திருக்கிறாள் என்று. கெசியாவும் தலையாட்டினாள்.

ஒரு குளிர்காலத்தில், கை வெடித்து ரத்தம் கசிய வந்தவளைப் பார்த்து தபீத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "கோர்ட்டுல வித்திருந்தாக்கூட இத்தனை வருஷம்னு ஒரு கணக்குச் சொல்லியிருப்பாங்கடி."

"வித்திருந்தா உன்னை ஏலம் விட்டிருப்பாங்கக்கா."

தபீத்தா பின்னலைக் கீழே வைத்துவிட்டு, தங்கையின் வெடித்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளங்கி இற்றுப்போய் ஒரு நாள் கெசியாவின் கையிலேயே கிழிந்தது. அவளுக்குப் பாதி பயம், பாதி ஆசை. துணியே போய்விட்டால் அப்புறம் ஜெருஷா எதைக் காட்டுவாள்? ஜெருஷா கிழிசலை வாங்கிப் பார்த்தாள். திட்டவில்லை. கத்தரிக்கோலை எடுத்து அந்த மூலையை மட்டும் சதுரமாக வெட்டித் தன் தையல் பெட்டியில் போட்டு மூடினாள். மீதித் துணியை கெசியாவிடமே கொடுத்தாள்.

"அடுப்பங்கரை துடைக்க வச்சுக்கோ" என்றாள்.

கெசியா அதை நனைத்துப் பிழிந்து, அடுப்பங்கரையைத் துடைக்கத் தொடங்கினாள்.