தமிழ் தெரியாத மேசை

பாரிஸின் லா ஷப்பேலில் மழை. லண்டன் ரயிலுக்கு நேரம் கிடக்கிறது. எனக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. தமிழ்க் கடைகளைத் தாண்டி, தெருமுனையில் இருக்கும் கான்டனீஸ் சீன உணவகத்துக்குள் நுழைகிறேன். தேநீரோடு சின்னச் சின்னப் பலகாரங்கள் சாப்பிடும் ‘யம் சா’ வேளை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பணிப்பெண் என்னை ஒரு வட்ட மேசையில், ஏற்கெனவே தனியாக இருப்பவருக்கு எதிரே உட்காரவைக்கிறார்.

பக்கத்து மேசைச் சீனர்கள், யாராவது தேநீர் ஊற்றினால் பேச்சை நிறுத்தாமல் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்கிறார்கள். நான் மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்கிறேன். எதிரே இருப்பவர் வாசலைப் பார்க்கிறார்.

“தமிழா?” என்று கேட்கிறேன்.

அவர் முகம் வாடிப்போகிறது. “ஓம் தம்பி. தமிழ் ஆக்கள் இருக்க மாட்டினம் எண்டுதான் இஞ்சை வந்தனான். மகள் வாறா. அவள் தன்ரபாட்டுக்குக் கலியாணம் செய்தாப் பிறகு இண்டைக்குத்தான் கதைக்கப் போறம். எங்கட கடையளிலை எண்டால் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பினம்.”

வேறு மேசைகளில் நாற்காலி தேடுகிறேன். ஒன்றுகூடக் காலி இல்லை. போய்விடலாம் என்று பையை எடுக்கிறேன். அதற்குள் நான் சொல்லியிருந்த இறால் கொழுக்கட்டைக் கூடை ஆவி பறக்க வந்துவிடுகிறது, பின்னாலேயே மகளும். என்னைக் கண்டதும் நிற்கிறாள்.

“ஆர் அப்பா இது?”

“ஆரோ இந்திக்காரர், பிள்ளை. தமிழ் தெரியாது. நீ இரு.”

அவள் உட்காருகிறாள். அவர் மகளுக்குத் தேநீர் ஊற்றிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல் என் கோப்பையையும் நிரப்புகிறார்.

நான் வாயைத் திறக்காமல் இரண்டு விரலால் மேசையைத் தட்டுகிறேன்.