துவர்ப்புக்குத் துணை தேடி

சனிக்கிழமை காலை. கல்யாண் ஸ்டேஷனில் நான் ஏறிய ரயில் என்னைச் சென்னை சென்ட்ரலில் இறக்கிவிட்டபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மூர் மார்க்கெட் பக்கத்துக் கவுண்டருக்குப் போய்த் திருவொற்றியூருக்குச் சீட்டு கேட்டேன். ஐந்து ரூபாய். நாசிக்கில் ஒரு டீ இருபது ரூபாய்க்குக் குடித்துப் பழகிய எனக்கு இந்த ஐந்து ரூபாய்ச் சீட்டைக் கையில் வாங்கும்போதெல்லாம் ஊருக்கு வந்துவிட்ட திருப்தி வரும்.

கும்மிடிப்பூண்டி வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பேசின் பிரிட்ஜ் தாண்டி கொருக்குப்பேட்டை வந்ததும் வாசனைகள் ஒவ்வொன்றாக வண்டிக்குள் ஏறின. முதலில் டீசல், பிறகு ஈரச் சாக்கு, அதன் பின் எங்கிருந்தோ ரசாயனம், தண்டையார்பேட்டையில் இறங்கப்போகிற ஒரு அம்மாளின் கூடையிலிருந்து மல்லிகை. என் பிழைப்பே மூக்கில்தான் நடக்கிறது. நாசிக் பக்கம் ஓர் ஒயின் ஆலையில், பார்க்க வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்து, எந்த ஒயினோடு எதைச் சாப்பிடலாம் என்று சொல்கிற வேலை. தேனி மாவட்டத்து ராயப்பன்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் ஓடியாடி வளர்ந்தவள் என்பதால் அந்த வேலை கிடைத்தது என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தப் பயணம் அமலா அக்காவின் ஒரு போன் பேச்சால் வந்தது. அவள் கணவர் அந்தோணி அத்தான், துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். காசிமேட்டில் பிறந்தவர், சாப்பாட்டு ராமன். ஒரு வருடத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் அவருடைய மோப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதோடு ருசியும் போயிற்று. உப்பும் புளிப்பும் லேசாகத் தெரியுமாம், மற்றபடி எல்லாமே ஈர அட்டை.

"வண்டிக்குப் பெட்ரோல் ஊத்துற மாதிரி சாப்பிடுறாருடி. நின்னுக்கிட்டே சாப்பிட்டுப் போயிர்றாரு. கல்யாணமான நாள்ல இருந்து உப்பு கம்மி, புளி தூக்கல்னு குறை சொல்லாத நாள் கிடையாது. எவ்வளவு சண்டை போட்டிருப்பேன். இப்போ ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரு. யாருக்காக ஆக்குறேன்னே தெரியல" என்று அழுதாள். கடைசியில், "நீ நாக்கை வச்சுத்தான பொழைக்கிற, ஏதாச்சும் செய்" என்றாள்.

நடுவில் ஏதாவது உறைக்கட்டும் என்று அத்தான் மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுச் சாப்பிட்டிருக்கிறார். வயிறு எரிந்து இரண்டு நாள் படுத்துவிட்டார். அக்கா டப்பாவை ஒளித்து வைத்துவிட்டாள். ஆட்டுக்கறியை டாக்டர் ஏற்கெனவே கொழுப்பைக் காரணம் காட்டி நிறுத்தியிருந்தார். எனக்குத் தெரிந்ததோ ஒயின் ஒன்றுதான். எங்கள் ஆலையில் விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் அட்டையில், கனமான சிவப்பு ஒயினுக்கு எதிரே ஆட்டுக்கறி என்று ஒரே வார்த்தை இருக்கும். அதை ஒன்பது வருடமாகக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரயிலில் பாட்டில் கொண்டுவரக் கூடாது. இங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று திருவொற்றியூர் ஸ்டேஷன் வாசலில் ஓர் ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் பாபு, முப்பது வயதிருக்கும். ஒயின்ஷாப் என்றதும் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"யக்கா, நீ எறங்காத. கூட்டமா கீது. நான் கேட்டுகினு வரேன். இன்னா வோணும்?"

"ஒயின். செவப்பு. இனிப்பு இல்லாதது."

போன வேகத்தில் திரும்பி வந்தார். "ஒயின்ஷாப்புல ஒயின் இல்லியாம்க்கா. பிராந்தி கீது, பீரு கீது. ஒயின் கேட்டா என்னியப் பாத்து சிரிக்கிறானுங்க."

இன்னொரு கடையிலும் அதே கதைதான். மூன்றாவதில் யாரோ பெரம்பூர் பக்கம் ஒரு ஷாப்பிங் மால் இருப்பதாகச் சொன்னார்கள். வந்த வழியே பாதி தூரம் திரும்பிப் போய், ஏசி போட்ட கடையில் ஷிராஸ் என்கிற கனமான சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில் வாங்கினேன். ஒன்று ஆயிரத்து நூற்று நாற்பது. ஆட்டோவுக்கு அறுநூறு. ஊரெல்லாம் ஒயின்ஷாப் என்று பெயர் வைத்துவிட்டு ஒயினை மட்டும் மாலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறோம். பாபு பாட்டிலை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்து, "நன்னாரி மாரியே கீதேக்கா" என்றார்.

மதியம், அக்கா வீடு. தேரடியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு தெருவில் முதல் மாடி. அத்தான் கதவைத் திறந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. அவருடைய வாய் மட்டும் இளைக்கவில்லை.

"இன்னா ஜோசி, கொழுந்தியா வர்றான்னு பாத்தா ஒயின்ஷாப்பே நடந்து வருது?"

"உங்களுக்காகத்தான் அத்தான் ஊரெல்லாம் அலஞ்சேன். பேசாம உக்காருங்க."

"எனுக்கு இன்னாத்துக்கு? வஞ்சிரம் துன்னாலும் ஒண்ணுதான், வாழத்தண்டு துன்னாலும் ஒண்ணுதான். இந்த ஊர்ல மூக்கு போனா லாபம்னு தோஸ்துங்க சொல்றானுங்க. மணலி ஃபேக்டரி காத்து அடிச்சா அவனுங்க மூக்க பொத்திக்கினு ஓடுறானுங்க, நான் பாட்டுக்கு நாஸ்டா துன்னுகினு கீறேன்."

சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. வஞ்சிரம் வறுவலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

டம்ளரில் இரண்டு விரல் அளவு ஊற்றிக் கொடுத்தேன். வழக்கமாக முகர்ந்து பாருங்கள் என்று ஆரம்பிப்பேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தான் ஒரு வாய் குடித்தார், முழுங்கினார். டம்ளரைக் கீழே வைக்கப் போனவர் வைக்காமல் நிறுத்தினார். கன்னத்தை உள்பக்கமாக உறிஞ்சினார்.

"இரு இரு. இன்னாமோ பண்ணுது. நாக்க புடிச்சு இஸ்துகினு கீது."

"எப்படி அத்தான்?"

யோசித்தார். இன்னொரு வாய் குடித்தார். "துவர்க்குது" என்றார்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

எங்கள் ஆலையில் அதற்கு டானின் என்று பெயர். வாய் உலர்கிற மாதிரி இருக்கும், ஈறு இறுகும் என்றெல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சுற்றி வளைத்து விளக்குவேன். துவர்ப்பு என்ற நம் ஊர் வார்த்தை ஒரு நாளும் என் நினைவுக்கு வந்ததில்லை. இத்தனைக்கும் எனக்குத் தெரிந்த பாடம்தான் அது. துவர்ப்பை மூக்கு அறியாது. அது வாய்க்குள் இருக்கும் தோல் அறிகிற விஷயம், கையால் தொட்டுப் பார்ப்பதைப் போல. மோப்பம் போனவருக்கும் அது போகாது. அத்தான் சொன்ன பிறகுதான் அதை நான் உண்மையாகப் புரிந்துகொண்டேன்.

அக்கா வெளியே வந்து என் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. "கெட்டுப்போனதக் குடுத்துட்டான்டி" என்றாள். நம் ஊர்க் கிறிஸ்துமஸ் ஒயின் பாயசம் மாதிரி இருக்கும், அவளுக்குத் தெரிந்த ஒயின் அதுதான். அவள் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கியதைப் பார்த்திருந்தால் என் மேலாளர் மயங்கி விழுந்திருப்பார்.

ஆனால் மீன் கைகொடுக்கவில்லை. வஞ்சிரத்தைக் கடித்து ஒயினைக் குடித்ததும் என் வாயில் துருப்பிடித்த ஆணி வாடை வந்தது. மீனெண்ணெயும் சிவப்பு ஒயினும் சில நேரம் அப்படித்தான் முட்டிக்கொள்ளும். அத்தானுக்கு அந்த வாடை இல்லை. ஆனாலும், "இஸ்துகினேதான் கீது, உட மாட்டேன்னுது" என்று தட்டைத் தள்ளிவிட்டார். ஆட்டுக்கறியின் வேலை என்ன என்பது எனக்கு அப்போது உறைத்தது. இழுத்துப் பிடித்த வாயை அது விடுவிக்கிறது. இழுப்பதும் விடுவதும்தான் அத்தானுக்கு மிச்சம் இருக்கிற ருசி. விடுவிப்பதற்கு ஆட்டுக்கறி இல்லாத வேறொன்றை நான் கண்டுபிடிக்க வேண்டும்.

சாயங்காலம் அத்தானின் ஸ்கூட்டரில் எண்ணூர் வரை போனோம். விம்கோ நகர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரிகள், நடுவில் நாங்கள். "கண்ண மூடிக்கோ ஜோசி, நானும் மூடிக்கிறேன்" என்று பயமுறுத்தினார். கடற்கரையில் முப்பது ரூபாய்க்குச் சுட்ட மக்காச்சோளமும் இருபது ரூபாய்க்கு வேர்க்கடலையும் வாங்கி வந்து வீட்டில் ஒயினோடு சாப்பிட்டுப் பார்த்தோம். சோளம் தோற்றது. கடலைக்கு, "கொஞ்சம் உடுது, அப்பால திரும்ப புடிச்சிக்குது" என்று தீர்ப்பு வந்தது. அவர் தீர்ப்பு சொன்னதே எனக்குப் பெரிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேடு. ஏலக்கூச்சலுக்கு நடுவே அத்தான் சூரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார், விரலால் அழுத்தினார், பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டி, "நீ பாத்து சொல்லு" என்றார். நல்ல மீன் என்றேன். அந்த ஒரு நொடி அவர் முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை. கிலோ இருநூற்று இருபதுக்கு வாங்கி, மிளகும் நல்லெண்ணெயும் தடவிக் கரியில் சுட்டோம். சூரை கறி மாதிரி கனமான சதை, ஒயினோடு சண்டை போடவில்லை. "பரவால்ல" என்றார் அத்தான். மரியாதைக்குச் சொன்னது என்று தெரிந்தது.

மாலை ராயபுரம். எதுவும் தோன்றாமல் சும்மா சுற்றத்தான் போனோம். தெருமுனையில் ஓர் அத்தோ கடை. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் சாப்பாடு அது, வடசென்னைக்காரர்களுக்கு மாலைப் பசிக்கு அதுதான். தள்ளுவண்டியின் ஓரத்தில் முட்டை மசால் அடுக்கியிருந்தார்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே எண்ணெயில் பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்து, மேலே புளித்தண்ணீர் விட்டது.

முட்டையைப் பார்த்ததும் என் தலையில் விளக்கு எரிந்தது. ஒயினில் துவர்ப்பு மிஞ்சிப்போனால் பீப்பாயில் முட்டை வெள்ளைக்கருவைக் கலப்பது பழைய வழக்கம். வெள்ளைக்கரு துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். பீப்பாயில் நடப்பது வாயில் நடக்காதா என்ன.

"ஆறு முட்டை பார்சல். மிளகாய்த்தூள் போடாதீங்கண்ணே" என்றேன்.

கடைக்காரர் கரண்டியை நிறுத்தினார். "காரம் இல்லாம துன்றதுக்கு இன்னாத்துக்கு ராயபுரம் வந்த?"

"நம்ம கொழுந்தியாதான் நைனா, ஊருக்குப் புச்சு. பூண்டெண்ணெ தாராளமா உடு" என்று அத்தான் சமாதானம் பேசினார். முட்டை ஒன்று இருபது ரூபாய். அக்காவுக்காக எழுபது ரூபாய்க்கு ஓர் அத்தோவும் கட்டிக்கொண்டோம்.

வீட்டில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். அத்தான் ஒரு வாய் ஒயின் குடித்து, "இஸ்துக்குது" என்றார். பாதி முட்டையை வாயில் போட்டு மெதுவாக மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள், அவள் விரல் சில்லென்று இருந்தது.

"உட்டுச்சு" என்றார்.

மறுபடி ஒயின். மறுபடி முட்டை. "இஸ்துது. உட்டுச்சு. தோ, மறுபடியும் இஸ்துது." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "டேஸ்ட் வந்துட்சின்னு நெனச்சுக்காத ஜோசி. வாசன ஒண்ணியும் வர்ல. ஆனா வாய்க்குள்ள இன்னாமோ நடக்குது. மெய்யாலுமே நடக்குது."

மூன்று முட்டை சாப்பிட்டார். நாலாவதைக் கையில் எடுத்தவர் அதை அக்காவின் தட்டில் வைத்து, "நீயும் துன்னு அமலா" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று அக்கா எனக்குச் சொல்லியிருந்தாள். நான் அத்தோ பொட்டலத்தைப் பிரிக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை ஒரு டம்ளர்னா சரி. தினம் பாட்டிலத் தொறந்தா நானே ஒடச்சுப்புடுவேன்." அவள் சொன்னது நியாயம். தேரடிக் கடையில் முப்பது ரூபாய்க்கு ஒரு வாழைப்பூ வாங்கி அவள் கையில் கொடுத்தேன். துவர்ப்பு அதிலும் உண்டு, நெல்லிக்காயிலும் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாபுவின் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அத்தான் வேலைக்கு லீவு போட்டிருந்தார், கீழே வரை வந்து பையை ஏற்றிவிட்டார்.

மதிய ரயில் சென்ட்ரலை விட்டுக் கிளம்பியது. ஆவடி தாண்டியதும் காற்று சுத்தமாகிவிட்டது. சுத்தமான காற்றில் முகர ஒன்றுமே இல்லை, எனக்கு அந்த டீசலும் மீனும் மல்லிகையும் வேண்டியிருந்தது. நாசிக்கில் கொடிகள் வரிசையாக நிற்கும், சுவரெல்லாம் வெள்ளையாக இருக்கும், அட்டையில் ஆட்டுக்கறி என்று எழுதியிருக்கும். அதன் கீழே முட்டை மசால், ராயபுரம் என்று எழுதிவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு செய்தேன்.

திருவள்ளூர் நெருங்கும்போது அக்காவின் போன் வந்தது. பேச முடியாமல் மூச்சு வாங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பயந்துபோய், "என்னாச்சுக்கா?" என்றேன்.

"வாழைப்பூ பொரியல் வச்சேன்டி. எப்பவும் போல அரிஞ்சு மோர்ல ஊறப்போட்டுத் துவர்ப்ப எடுத்துட்டுத்தான் செஞ்சேன். ஒரு வாய் வச்சாரு. தட்டத் தள்ளிட்டு, துவர்ப்பெல்லாம் எங்கடி போச்சு, இத எவன் துன்றதுன்னு கத்துறாருடி."

பின்னால் அத்தானின் குரல் கேட்டது. "ஒரு வாழப்பூ ஒழுங்கா ஆக்கத் தெர்ல. ஊருக்கெல்லாம் போன் போடத் தெரியுது."

"கேட்டியா, கேட்டியா" என்றாள் அக்கா. "திட்டுறாருடி, ஜோசி."